விஞ்ஞானமும் காடும் மக்களும்: கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டமும்

1

சுற்றாடற் பாதுகாப்பினை நோக்காகக் கொண்டு இயங்கும் குடிமக்கள் அமைப்புகளை மதிப்பிடுமிடத்து முற்போக்குச் சிந்தனையாளரிடையே இரு வேறு நோக்குகள் நிலவி வந்துள்ளன. மரத்தையும் விலங்கையும் பற்றிய கவலை வயிறு நிறைந்த மத்தியதர வர்க்கத்தின் கவலையே என்றும், உழைக்கும் மக்களுக்கு வேண்டுவன மின்சாரமும் தொழிற்சாலையும் வேலையுமே என்றும் கூறுவது ஒரு நோக்கு. இயற்கையின் அழிவு மனிதகுலம் முழுவதையும் ஒரே வகையிற் பாதிப்பதால், அதனைக் காக்கும் முயற்சியும் வர்க்க அரசியலுக்கு அப்பாற்பட்டதாகவே இருத்தல் வேண்டும் என்பது மற்றையது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரு நோக்குகளும் அடிப்படையில் ஒரே குறையினை உடையன. மனிதருக்கும் இயற்கைக்கும் இடையிலான உறவு, மனிதர் தமக்குள் கொண்டுள்ள உற்பத்தி உறவுகளின் வழியாகவே செயற்படுகின்றது என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன.

மார்க்சியத்தின் மூலவர்கள் இதனை மறந்தாரல்லர். முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியைச் சுரண்டும் அதேவேளை மண்ணின் வளத்தையும் சூறையாடுகின்றது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், பெருங்கைத்தொழில் பற்றிய அத்தியாயத்தின் இறுதியில் விளக்கியுள்ளார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் இடதுசாரி இயக்கங்கள் பலவற்றில், உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்பது அணைக்கட்டு, உலை, புகைபோக்கி என்பவற்றின் எண்ணிக்கையாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. அவ்வாறான விளக்கம் வலுவாக வேரூன்றியிருந்த ஒரு மண்ணில், அதே இடதுசாரி மரபிலிருந்து பெரும்பாலான தன் உறுப்பினரைப் பெற்ற ஒரு மக்கள் அமைப்பு, காடொன்றைக் காக்கும்பொருட்டு நீர்மின் திட்டமொன்றை எதிர்க்க முன்வந்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

அவ்வமைப்பு கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் ஆகும். அது ஈடுபட்ட விவாதம், அமைதிப் பள்ளத்தாக்கு எனத் தமிழிற் கூறத்தக்க ‘சைலன்ட் வலி’ பற்றியது. 1973 முதல் 1985 வரையான காலப்பகுதியில் இவ்விவாதம் பெற்ற வளர்ச்சியை ஆராய்ந்து, இத்தகைய அமைப்பொன்றின் பலமும் வரையறையும் எவை என்பதைத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவராகிய நாம் இதில் அக்கறை கொள்வதற்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்றுண்டு. பரிஷத் எழுத்தாளர் சங்கமாகத் தோன்றியது. மொழிபற்றிய ஓர் அக்கறை காடுபற்றிய அக்கறையாக எவ்வாறு வளர்ந்தது என்பது எமது துறைக்கும் உரிய வினாவே.

2

பரிஷத்தின் பெயரிலுள்ள ‘சாஸ்திரம்’ என்னும் சொல் மலையாளத்தில் விஞ்ஞானத்தைக் குறிப்பது. விஞ்ஞான இலக்கியக் கழகம் என்பதே பெயரின் பொருள். 1957 இல் இதற்கு முன்னோடியான சிறு முயற்சியொன்று நிகழ்ந்து நின்றுபோக, 1962 செப்டெம்பரிற் கோழிக்கோட்டில் எழுத்தாளரும் ஆசிரியரும் விஞ்ஞானிகளும் கூடி இதனை நிறுவினர். விஞ்ஞான அறிவை மக்கள் மொழியில் எழுதுதல் என்பதே ஆரம்ப நோக்கமாகும். 1966 இல் ‘சாஸ்திரகதி’யும், 1969 இல் உயர்தர வகுப்பு மாணவருக்கான ‘சாஸ்திரகேரளம்’ என்னும் சஞ்சிகையும், 1970 இற் சிறுவருக்கான ‘யுரேக்கா’வும் வெளிவரத் தொடங்கின.

இவ்வமைப்பின் தோற்றத்தை ஒரு சிலரது தனிப்பட்ட ஆர்வத்தின் விளைவாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. 1956 நவம்பரில் மலபார், கொச்சி, திருவிதாங்கூர் ஆகியன மொழியடிப்படையில் ஒரே மாநிலமாக இணைந்தமை. 1957 இற் பொதுவுடைமைக் கட்சியின் அமைச்சரவை தேர்தல் மூலம் பதவியேற்றமை. கிராமந்தோறும் பரவியிருந்த நூல்நிலைய இயக்கம். நாராயண குருவின் காலந்தொட்டு வளர்ந்துவந்த சாதியெதிர்ப்புச் சீர்திருத்தமும் எழுத்தறிவும் ஆகிய யாவும் சேர்ந்து, தாய்மொழியில் வாசிக்கும் பெருந்தொகையான சாதாரண மக்களை உருவாக்கியிருந்தன. பரிஷத்தை நிறுவியோருள் ஒருவரான பி. ரி. பாஸ்கர பணிக்கர் மலபார் மாவட்டச் சபையின் தலைவராக இருந்து கல்வி வளர்ச்சிக்குப் பணியாற்றியவர் என்பது இத்தொடர்பினைத் தெளிவுறுத்தும். வாசகர் ஏற்கெனவே இருந்தனர். அவர்களுக்கு வேண்டிய விஞ்ஞான உரைநடையே இல்லாதிருந்தது.

1970 களின் முற்பகுதியிற் பண்புமாற்றமொன்று நிகழ்ந்தது. விஞ்ஞானத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்வதோடு அமையாது, அவ்விஞ்ஞானம் யாருடைய நலனுக்குப் பயன்படுகின்றது என்ற வினா எழுந்தது. ‘சமூகப் புரட்சிக்கு விஞ்ஞானம்’ என்பது பரிஷத்தின் முழக்கமாயிற்று. எழுத்தாளர் சங்கம் என்ற எல்லை தளர்ந்து, ஆசிரியர், அரசாங்க ஊழியர், பொறியியலாளர், தொழிலாளர், மாணவர் ஆகியோரின் உள்ளூர்க் கிளைகளாலான அமைப்பாக அது விரிந்தது. இயற்கை, சமூகம், விஞ்ஞானம் ஆகிய பொருள்கள் பற்றிக் கிராமங்களில் வகுப்புகள் நடத்தப்பட்டன. 1977 இல் வடக்கே கூவேரி என்ற சிற்றூரிலிருந்து தெற்கே பூவச்சல் வரை விஞ்ஞானப் பண்பாட்டு ஊர்வலம் ஒன்று சென்றது. 1980 முதல் நாடகம், பாட்டு, நாட்டார் ஆடல் ஆகியவற்றைக் கொண்டு ‘சாஸ்திர கலா ஜாதா’ எனப்படும் கலைப்பயணம் ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று.

மேடையிலும் சஞ்சிகையிலும் வகுப்பிலும் இக்காலத்திற் பயிலப்பட்ட மொழியின் தன்மை இங்கு மனங்கொள்ளத்தக்கது. அது கலைச்சொற்களை மொழிபெயர்த்துக் கோத்த பாடநூல் மொழியாக இருக்கவில்லை. கிணற்று நீர் ஏன் உவர்க்கின்றது, நெற்பயிருக்குப் பூச்சி ஏன் மிகுகின்றது, அடுப்புப் புகையாற் பெண்களுக்கு நேரும் தீங்கு யாது என்பன போன்ற வினாக்களிலிருந்து தொடங்கிக் காரண காரியங்களை விளக்கும் மொழியாக அது அமைந்தது. ஒரு திட்டத்தின் இலாப நட்டங்களைச் சாதாரண மனிதர் விவாதிப்பதற்கு வேண்டிய சொற்களும் வாக்கியங்களும் இவ்வாறே உருவாயின.

3

பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காட்டுக்கு வடக்கே, நீலகிரியின் தென்மேற்குச் சரிவில், ஏறத்தாழ 90 சதுர கிலோமீற்றர் பரப்பில் அமைந்துள்ள மழைக்காடே அமைதிப் பள்ளத்தாக்கு. அதனூடாகப் பாயும் குந்திப்புழை தூதப்புழையோடு கூடிப் பாரதப்புழையை அடைகின்றது. உயர்ந்த மலைச்சுவர்கள் சூழ்ந்திருந்தமையால் நெடுங்காலமாக மனிதர் புகுந்து அழிக்காத காடாக அது எஞ்சியிருந்தது. சிங்கவாற் குரங்கு எனப்படும் அரிய இனத்தின் வாழிடங்களுள் இதுவும் ஒன்று. ஆண்டின் பல மாதங்களில் அக்குரங்குகளுக்கு உணவளிப்பது வெடிப்பலா என்னும் மரமாகும். மரம் அருகின் குரங்கும் அருகும். காட்டின் உயிரினங்கள் ஒன்றிலொன்று தங்கி வாழ்வதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

குந்திப்புழை ஒடுங்கிய மலையிடுக்கு ஒன்றின் வழியாகச் சமவெளிக்கு இறங்குகின்றது. அணைக்கட்டு அமைப்பதற்கு அவ்விடம் ஏற்றது என்பது ஆங்கிலேயர் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. 1973 இல் இந்தியத் திட்டக் குழு இங்கு நீர்மின் திட்டமொன்றினை அங்கீகரித்தது. 130 மீற்றர் அளவு உயரமான அணை, 120 மெகாவாற்று மின்னாற்றல், ஏறத்தாழ 10,000 ஹெக்டேயர் நிலத்துக்கு நீர்ப்பாசனம் என்பன திட்டத்தின் முக்கிய கூறுகள். நீரில் அமிழவிருந்த பரப்பு 830 ஹெக்டேயர் அளவினது. பள்ளத்தாக்கின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்துக்காக இத்தனை கூச்சல் ஏன் என்பது திட்டத்தை ஆதரித்தோரின் வாதமாயிற்று. அமிழும் பகுதியோ ஆற்றங்கரைக் காடு. அணை கட்டும் ஆண்டுகளிற் பாதைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் விறகுத் தேவையும் காட்டின் எஞ்சிய பகுதியையும் திறந்துவிடும் என்பது எதிர்த்தோர் கூறிய விடை.

1976 இல் மத்திய அரசின் சுற்றாடற் குழுவொன்று சபர் புத்தேகல்லியின் தலைமையில் இத்திட்டத்தை ஆராய்ந்தது. திட்டத்தைக் கைவிடுவதே தக்கது என்று கருதிய அக்குழு, கைவிட இயலாதவிடத்துப் பின்பற்றவேண்டிய 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் உடன் தந்தது. மாநில அரசு முதற்பகுதியை விடுத்து இரண்டாம் பகுதியைப் பற்றிக்கொண்டது. நிபந்தனைகளை நிறைவேற்றுவதாகக் கூறி 1979 இற் சட்டமொன்றும் இயற்றப்பட்டது.

பரிஷத்தின் தலையீடு இக்கட்டத்திலேயே முனைப்புப் பெற்றது. தாவரவியற் பேராசிரியரான எம். கே. பிரசாத் காட்டின் உயிரியற் சிறப்பைப் பரிஷத்தின் பக்கங்களில் எழுதினார். தொடர்ந்து அமைப்பினுள் நீண்ட விவாதம் எழுந்தது. உறுப்பினரிற் பொறியியலாளரும் மின்சார சபை ஊழியரும் இருந்தனர். அவர்களுட் சிலர் திட்டத்தை ஆதரித்தனர். குரங்கா மனிதனா என்ற வினாவுக்குக் காட்டின் அழகைக் கூறி விடையிறுக்க இயலாது என்பதைப் பரிஷத் உணர்ந்தது. 1979 இல் அது வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை இவ்வுணர்வின் விளைவாகும். உயிரியலாளர் எம். கே. பிரசாத், அணுப் பொறியியலாளர் எம். பி. பரமேஸ்வரன், மின்பொறியியலாளர் வி. கே. தாமோதரன், விவசாய விஞ்ஞானி கே. என். சியாமசுந்தரன் நாயர், பொருளியலாளர் கே. பி. கண்ணன் ஆகிய ஐவரும் சேர்ந்து அதனைத் தயாரித்தனர். தொழில்நுட்ப, பொருளாதார, சமூக, அரசியல் மதிப்பீடு என அதன் தலைப்பே கூறிற்று.

இவ்வறிக்கையின் முக்கியத்துவம் அது எழுப்பிய வினாக்களின் ஒழுங்கிலே தங்கியுள்ளது. மலபார் மின்வசதியிற் பின்தங்கியிருந்தது உண்மை என்பதை அது ஏற்றுக்கொண்டது. பின்தங்கியதன் காரணம் யாது என்று அடுத்துக் கேட்டது. 1976 இல் இடுக்கித் திட்டம் இயங்கத் தொடங்கிய பின்னர் கேரளம் மின்சாரத்தை அயல் மாநிலங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அவ்வாறாயின் மலபாரின் வீடுகள் இருண்டு கிடந்ததற்கு உற்பத்திக் குறைவு எவ்வாறு காரணமாகும்? மின்கடத்தும் வலையமைப்பின் போதாமையும் விநியோகத்தின் சமனின்மையுமே அங்கு அடிப்படைச் சிக்கல்கள் என அறிக்கை வாதிட்டது. அனல்மின் நிலையம் போன்ற மாற்று வழிகளையும், உத்தேச நீர்ப்பாசனத்தை வேறு முறைகளாற் பெறும் வாய்ப்பையும், திட்டத்தாற் கிடைக்கவிருந்த வேலைவாய்ப்பின் உண்மையான அளவையும் அது ஆராய்ந்தது.

சுருங்கக் கூறின், உற்பத்தி பற்றிய வினா பங்கீடு பற்றிய வினாவாக மாற்றப்பட்டது. மார்க்சிய நோக்கில் இது அடிப்படையான மாற்றம். எவ்வளவு மின்சாரம் என்று கேட்குமிடத்துப் பொறியியலாளர் ஒருவரே விடை கூறலாம். யாருக்கு மின்சாரம் என்று கேட்கத் தொடங்கியதும் விவாதம் நிபுணரின் அறையை விட்டு வெளியேறிவிடுகின்றது.

4

இவ்விவாதத்திற் பரிஷத் எதிர்நோக்கிய எதிர்ப்பு எளிதானதன்று. வலதுசாரி, இடதுசாரி என்ற வேறுபாடின்றி மாநிலத்தின் பெருங்கட்சிகள் யாவும் திட்டத்தை ஆதரித்தன. 1980 இல் ஈ. கே. நாயனார் தலைமையிற் பதவியேற்ற இடதுசாரி முன்னணி அரசும் இதற்கு விலக்காக அமையவில்லை. மின்சார சபையின் தொழிற்சங்கங்களும் மலபாரின் உள்ளூர்த் தலைவர்களும் திட்டம் வேண்டுமென வற்புறுத்தினர். பரிஷத் அமெரிக்கக் கையாள் என்றும், வளர்ச்சியின் எதிரி என்றும் வசை எழுந்தது. சருவதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1978 இல் அஷ்காபாத் நகரிற் கூடிப் பள்ளத்தாக்கின் பாதுகாப்புக்கு ஆதரவு தெரிவித்தமையும் இவ்வையத்துக்கு இடமளித்தது.

இவ்வெதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்கிற் பொருந்தாது. மலபாரின் பின்தங்கிய நிலை கற்பனையன்று. சென்னை மாகாணத்தின் ஓர் ஒதுக்கிடமாக நீண்ட காலம் கிடந்த பிரதேசம் அது. திருவிதாங்கூரில் மன்னராட்சிக் காலத்திலேயே 1940 இற் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியிருக்க, மலபாரின் மக்கள் மின்விளக்குக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். அவர்களது கண்ணில் அணைக்கட்டு நீதியின் சின்னமாகத் தோன்றியதில் வியப்பில்லை. தொழிலாளியின் பார்வையிலும் வேலை என்பது இன்றைய சோற்றுக்கான வழி. காடு நாளைய மழைக்கானது. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தித் தெரிவு செய்யுமாறு கேட்பது மக்களின் அறிவீனத்தால் எழுந்ததன்று. வளங்களைப் பங்கிடும் அதிகாரம் அவர்களிடம் இல்லாமையால் எழுந்தது.

இடதுசாரிக் கட்சிகளின் நிலைப்பாட்டுக்குக் கோட்பாட்டுப் பின்புலமும் ஒன்று இருந்தது. உற்பத்திச் சக்திகள் வளர்ந்தால் உற்பத்தி உறவுகளின் முரண்பாடு கூர்மையுற்று மாற்றம் விரைவுபடும் என்ற எளிமைப்படுத்தப்பட்ட விளக்கமே அது. உற்பத்திச் சக்திகளுள் மண்ணும் நீரும் மழையும் அடங்கும் என்பதும், அவற்றை அழித்துப் பெறும் வளர்ச்சி தன் அடித்தளத்தையே உண்பது என்பதும் அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை. பரிஷத்தின் சிந்தனையாளர் இக்குறையை மார்க்சியத்துக்கு வெளியே நின்று கண்டவரல்லர். உள்ளேயிருந்தே இதனைச் சுட்டினர். அதனாலேயே அவர்களது குரலைக் கட்சிகள் முற்றாகப் புறக்கணிக்கவும் இயலவில்லை. எளிதில் ஏற்கவும் இயலவில்லை.

5

பரிஷத்தின் விஞ்ஞான உரைநடைக்கு இணையாகக் கவிஞரின் குரலும் இப்போராட்டத்தில் எழுந்தது. சுகதகுமாரி, என். வி. கிருஷ்ண வாரியர், ஓ. என். வி. குறுப்பு, அய்யப்ப பணிக்கர், வைக்கம் முகம்மது பஷீர் முதலான இலக்கியகர்த்தாக்கள் காட்டுக்கு ஆதரவாக நின்றனர். இயற்கைப் பாதுகாப்புக்கெனத் தனியான சங்கமொன்று அமைக்கப்பட்டது. சுகதகுமாரி அதன் முன்னணியில் உழைத்தார். மரத்தை வாழ்த்தி அவர் பாடிய ‘மரத்தினு ஸ்துதி’ கூட்டங்களிற் பெரிதும் அறியப்பட்ட கவிதையாயிற்று. எதிர்த்தரப்பினர் இவர்களை ‘மரக்கவிகள்’ என்று எள்ளினர்.

முற்போக்கு விமர்சனத்திற் பழகிய எமக்கு இயற்கை வழிபாட்டுக் கவிதையைக் கண்டவுடன் ஐயம் எழுதல் இயல்பே. நகரத்து வாசகனின் ஏக்கத்துக்கு வடிகாலாக அமையும் காட்டினை நாம் தமிழ்க் கவிதையிலும் பலமுறை கண்டுள்ளோம். கேரளத்தில் எழுந்த கவிதைகள் யாவும் இக்குறையிலிருந்து விடுபட்டவை என்று கூறுதல் மிகையாகும். தாயாகவும் தெய்வமாகவும் காடு உருவகிக்கப்படுமிடத்து, அக்காட்டில் விறகு பொறுக்கும் பெண்ணும் தேன் எடுக்கும் மனிதனும் மறைந்துவிடும் அபாயம் என்றும் உண்டு.

ஆயினும் படைப்பின் உள்ளடக்கத்தைத் தனியே எடுத்து நோக்குவதோடு விமர்சனம் முற்றுப்பெறுவதில்லை. அது எச்சமூக இயக்கத்தோடு இணைந்து செயற்பட்டது என்பதும் நோக்கப்படல் வேண்டும். அக்காலக் கேரளத்தில், மின்கடத்தல் இழப்பைப் பற்றிய கணக்கும் மரத்தைப் பற்றிய பாட்டும் ஒரே விவாதத்தின் இரு அங்கங்களாக நின்றன. கணக்கு மட்டும் இருந்திருப்பின் அது ஒரு திட்டத்துக்கு எதிரான இன்னொரு திட்டமாகச் சுருங்கியிருக்கும். பாட்டு மட்டும் இருந்திருப்பின் திட்டத்தை ஆதரித்தோர் அதனை எளிதில் நகைத்துத் தள்ளியிருப்பர். இடதுசாரிக் கவியாக மக்கள் அறிந்திருந்த ஓ. என். வி. குறுப்பு இவ்வணியில் நின்றமையும், பின்னர் 1984 இற் பூமிக்கு இரங்கற்பா பாடியமையும், முற்போக்கு இலக்கிய முகாமினுள்ளேயே இயற்கை பற்றிய கருத்துநிலை மாறிவந்தமைக்குச் சான்றாகும். என். வி. கிருஷ்ண வாரியர் கவிஞராக விளங்கிய அதேவேளை, 1968 இல் நிறுவப்பட்ட கேரள பாஷா நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்து மலையாளத்தில் அறிவுநூல்கள் வெளிவர உழைத்தவர். விஞ்ஞான உரைநடையும் கவிதையும் ஒருவரிடமே சந்தித்தமை தற்செயலானதென நாம் கருதவில்லை.

6

போராட்டத்தின் முடிவு எவ்வாறு எய்தப்பட்டது என்பது உடன்பாடாகவும் எதிர்மறையாகவும் பாடம் தருவது. உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. இடைக்காலத் தடையும் கிடைத்தது. 1980 ஜனவரியில் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அரசு ஆராய்ந்து எடுத்த கொள்கை முடிவுக்குப் பதிலாகத் தன் கருத்தை வைத்தல் நீதிமன்றத்தின் பணியன்று என்பது தீர்ப்பின் சாரம். மீண்டும் பதவிக்கு வந்த பிரதமர் இந்திரா காந்தியின் தலையீட்டினால் வேலைகள் நிறுத்தப்பட்டு, எம். ஜி. கே. மேனன் தலைமையில் மத்திய, மாநில அரசுகளின் கூட்டுக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அக்குழுவின் ஆய்வைத் தொடர்ந்து 1983 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரிற் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1985 செப்டெம்பரில் ராஜீவ் காந்தி அதனைத் தொடக்கி வைத்தார்.

முடிவு டெல்லியிலிருந்து வந்தது என்ற உண்மையை மறைத்தலாகாது. மாநிலச் சட்டசபையையோ தொழிற்சங்கங்களையோ பரிஷத் தன்பக்கம் திருப்பிவிட்டது எனக் கூறுவதற்கில்லை. உலக விஞ்ஞானிகளின் கருத்தும், சருவதேச அரங்கில் இந்திய அரசு பெற விரும்பிய மதிப்பும் முடிவினைப் பாதித்தன. எனினும், உள்ளூரில் உரத்த விவாதம் இல்லாதிருப்பின் மத்திய அரசுக்கு அம்முடிவை எடுப்பதற்கான அறிவுத் தளமோ அரசியற் தேவையோ வாய்த்திரா. 1976 இல் நிபுணர் குழு கைவிடுமாறு கூறியபோது எவரும் செவிசாய்க்கவில்லை. அதே கருத்து 1983 இல் ஏற்கப்பட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அக்கருத்து மக்களிடையே சென்று வந்திருந்தது என்பதே இவ்விரு ஆண்டுகளுக்குமிடையிலான பெரும் வேறுபாடாகும்.

இவ்வெற்றியின் வரையறைகள் இரண்டினை இங்கு குறிப்பிடுதல் அவசியம். முதலாவது, காட்டோடு மிக நெருங்கிய வாழ்வுடையோரின் குரல் பற்றியது. அமைதிப் பள்ளத்தாக்கினுள் மக்கள் குடியிருக்கவில்லை எனினும், அதனை அடுத்த அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய ஆதிவாசி மக்கள் வாழ்ந்தனர். குடியேற்ற விவசாயத்தினாலும் காடழிப்பினாலும் நிலத்தை இழந்துகொண்டிருந்த அவர்கள் இவ்விவாதத்தின் மையத்தில் இருக்கவில்லை. எழுத்தறிந்த கேரளத்தின் விவாதமாகவே அது அமைந்தது. தேசியப் பூங்கா காட்டைக் காத்தது. காட்டின் மீதான மக்களின் உரிமை என்ற வினா திறந்தபடியே நின்றது. அவ்வுரிமை இந்தியச் சட்டத்தில் இடம்பெறுவதற்கு 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாவது, தொழிற்சாலை ஏற்கெனவே இயங்குமிடத்து எழும் முரண்பாடு பற்றியது. சாலியாற்றங்கரையில் மாவூரிலிருந்த றேயோன் கூழ்த் தொழிற்சாலை இதற்குத் தக்க உதாரணம். 1957 இன் அமைச்சரவைக் காலத்தில், தொழில்வளர்ச்சியை வேண்டி வரவழைக்கப்பட்ட ஆலை அது. காட்டு மூங்கில் மிகக் குறைந்த சலுகை விலைக்கு அதற்கு வழங்கப்பட்டது. 1960 களில் அது இயங்கத் தொடங்கிய நாள்முதல் ஆறு மாசுற்றது. மீனவரும் கரையோர விவசாயிகளும் எதிர்த்துப் போராடினர். ஆலைத் தொழிலாளரோ தம் வேலையைக் காக்க நின்றனர். ஒரே ஆற்றின் இரு கரைகளிலும் உழைக்கும் மக்களே நின்றனர். மூங்கிலையும் ஆற்றையும் மலிவாகப் பெற்ற மூலதனம் அம்மோதலுக்கு வெளியே நின்றது. 1980 களின் நடுப்பகுதியில் ஆலை சில ஆண்டுகள் மூடப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் பெருந்துயருற்றன. 2001 இல் அது நிரந்தரமாக மூடப்பட்டது. கட்டப்படாத அணையைத் தடுப்பதிலும், இயங்கும் ஆலையைத் திருத்துவதிலும் அதன் தொழிலாளருக்கு மாற்று வாழ்வு தேடுவதிலும் உள்ள வேறுபாட்டினை மாவூர் உணர்த்துகின்றது. சுற்றாடல் இயக்கம் தொழிலாளர் இயக்கத்தோடு இணையாதவிடத்து இரண்டுமே தோற்கின்றன.

பிற்காலத்து அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 இற் சமர்ப்பித்த அறிக்கை, மலைநாட்டுக் குடியேற்ற விவசாயிகளிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. கிராம சபைகளிடம் முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒப்படைக்குமாறு கூறிய அறிக்கை, தம்மை நிலத்திலிருந்து வெளியேற்ற வந்தது என்ற அச்சமாக அம்மக்களைச் சென்றடைந்தது. அறிக்கை எழுதப்பட்ட மொழி ஆங்கிலம். அச்சம் பரவிய மொழி மலையாளம். 1970 களிற் பரிஷத் ஆற்றிய வகையான முற்பணி மலைநாட்டில் உரிய காலத்தில் நிகழவில்லை. 2018 ஆம் ஆண்டின் பெருவெள்ளமும், 2024 ஜூலையில் வயநாட்டில் நிகழ்ந்த மண்சரிவும் அவ்விவாதத்தை மீண்டும் மக்கள் முன் நிறுத்தின. உயிர்களை இழந்த பின்னர் தொடங்கும் விவாதம் மிகத் தாமதமானது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு நாம் வரலாம்.

பரிஷத்தின் பலம் அது காட்டை நேசித்ததில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அணைக்கட்டு விவாதம் எழுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, எவ்வித போராட்ட நோக்கமும் இன்றி, விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் எழுதும் பணியை அது தொடங்கியிருந்தது. விவாதம் எழுந்தபோது அதற்குரிய மொழியும் வாசகரும் கிளைகளும் ஆயத்தமாக இருந்தன. நிபுணரின் கையிலிருந்த கணக்கேட்டைப் பொதுமக்கள் முன் விரித்து வைத்ததே அதன் தலையாய சாதனை. 1980 களில் புகை குறைந்த அடுப்பைப் பரப்பியதும், எர்ணாகுளம் மாவட்டம் 1990 இல் முழு எழுத்தறிவு பெற்ற இந்தியாவின் முதல் மாவட்டமாகப் பிரகடனம் செய்யப்படுவதற்கு உழைத்ததும், 1996 இற் கேரளத்தின் மக்கள் திட்டமிடல் இயக்கத்துக்குப் பங்களித்ததும் இப்பணியின் தொடர்ச்சிகளே. அவ்வாண்டிலேயே ‘மாற்று நோபெல்’ எனப்படும் பரிசும் பரிஷத்துக்குக் கிடைத்தது.

சுற்றாடற் பாதுகாப்பு வர்க்க அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற நோக்கும், அது மத்தியதர வர்க்கத்தின் ஆடம்பரம் என்ற நோக்கும் இவ்வரலாற்றின் முன் நிலைபெறவில்லை. அமைதிப் பள்ளத்தாக்கில் முன்னெழுந்த வினா, வளம் யாருக்கு, இழப்பு யாருக்கு, முடிவு யாருடையது என்பதே. அவ்வினாவைத் தெளிவாகக் கேட்ட இடங்களில் இயக்கம் முன்னேறியது. ஆதிவாசியையும் ஆலைத் தொழிலாளியையும் அவ்வினாவுக்குள் கொண்டுவராத இடங்களில் அது தேங்கியது.

தமிழுலகுக்கும் இவ்வரலாற்றோடு நேரடித் தொடர்புண்டு. கேரளத்து முன்மாதிரியின் உந்துதலோடு 1980 இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோன்றியது. 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் சஞ்சிகை அதன் சார்பில் வெளிவரலாயிற்று. விஞ்ஞானத் தமிழ் பற்றிய எமது உரையாடல் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுவதுண்டு. கலைச்சொல் வேண்டியதே. ஆனால் ஓர் ஊரின் கிணற்றுக்கும் குளத்துக்கும் காட்டுக்கும் நேர்வதை அவ்வூர் மக்கள் கூடியிருந்து ஆராய்வதற்குப் பயன்படும்போதே ஒரு மொழி விஞ்ஞான மொழியாகின்றது என்பதைப் பரிஷத்தின் அனுபவம் காட்டுகின்றது. தமிழிலக்கிய மாணவரும் விஞ்ஞான மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டிய பணி அது.